ஊதச் சொல்கிறார்கள், உறங்கினாயா என்று கேட்பதில்லை

ஆசிரியருக்கு,

19 ஆண்டுகளாக விமானம் ஓட்டுகிறேன். சென்ற வாரம் அடுத்தடுத்து மூன்று இரவுப் பணிகள். விதிப்படி ஓய்வு கொடுத்தாயிற்று என்கிறது நிர்வாகம். பகல் 11 மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் உறக்கம் வந்துவிடுமா? அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடல் தானாகவே தளரும் நேரம். மூன்று முறையும் அப்போதுதான் தரையிறங்கினேன்.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுவுக்கு ஊதச் சொல்கிறார்கள்; உறக்கத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை. களைப்பு என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே விளக்கம் கேட்டு அழைப்பு! என் துணை விமானி, பாவம், வாயே திறப்பதில்லை.

பணி அட்டவணை தயாரிக்கும்போது எங்கள் சங்கத்தார் ஒருவரையாவது உடன் உட்கார வைக்கட்டும்.

– ஒரு விமானி