ஆயிரம் அடி போடச் சொன்ன வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடு கட்டும் பக்கத்தில், போர் (ஆழ்துளைக் கிணறு) பற்றி, "ஆழம் கூடக் கூடத் தண்ணீரும் கூடும், தயங்காமல் 1000 அடி போடுங்கள்" என்று ஒரு வரி. நெய்வேலிக்காரர்களுக்காக எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணல் அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். தங்கள் பக்கத்தைப் படிப்பதோ பல்லடம், காங்கயம், தாராபுரம். இங்கே காலுக்குக் கீழே கருங்கல் என்பது தாங்கள் அறியாததா?

மேலே மண், சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த அடுக்கு), அதன்கீழ் உளுத்த பாறை, அப்புறம் முழுப்பாறை. உளுத்த பாறையை விட்டால் வெடிப்புகளில்தான் தண்ணீர். ஆழம் போகப் போக மேற்பாறையின் பாரம் அந்த வெடிப்புகளை இறுக்கிவிடும். 800 அடியில் ஊற்று அடித்த போர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பி எல்லோரையும் இறங்கச் சொல்லலாமா? 300 அடிக்கு மேல் ஒவ்வொரு நூறடிக்கும் ஓர் அடி துளைக்கும் கூலி ஏறுகிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. ஆறரை இன்ச் குழியில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் பிடிக்கும். 1000 அடியும் நிரம்பி நின்றால் 6,500 லிட்டர். ஊற்று மெலிந்த போருக்கு அது நல்ல தொட்டிதான். தொட்டி என்று சொல்லியே விற்கட்டுமே!

அதற்கு முந்தைய இதழில், உள்ளங்கையில் தேங்காயை நிமிர்த்தி நீரோட்டம் பார்ப்பவருக்கு வண்ணப்படத்தோடு அரைப்பக்கம் கொடுத்தீர்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையின் மின்தடையை அளந்து நீர் தேடும் ஆய்வுக்கு ஒரு பத்திகூட இல்லை. தேங்காய் பாவம், அதற்குச் சட்னிதான் தெரியும்.

"இரண்டு இன்ச் தண்ணி" என்று துளை போடும் ரிக் வண்டிக்காரர் சொல்வதையும் அப்படியே அச்சிடுகிறீர்கள். ஓட்டத்தை அளக்கும் பலகையில் செங்கோண வி வடிவ வெட்டு இருக்கும்; அதில் ஒரு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர். இரண்டு இன்ச் 48 லிட்டர். இரட்டிப்பு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். அதுவும் கம்ப்ரசர் காற்று முதலில் தூக்குவது குழியில் தேங்கியிருந்த தண்ணீர். அரை மணி நேரமாவது ஊதி, ஓட்டம் நிலைத்த பிறகு அளந்தால்தான் அது ஊற்றின் கணக்கு. அவசரப்பட்டுப் பெரிய மோட்டார் இறக்கியவர் பத்து நிமிடத்தில் காற்றைத்தான் இறைப்பார்.

கேசிங் (குழி சரியாமலிருக்க மேல்பகுதியில் இறக்கும் பைப்) பற்றி ஒரே வரி: "தேவையான அளவு." தேவை யாருடையது? உளுத்த பாறை முடிந்து, முழுப்பாறைக்குள் சில அடி பதிய வேண்டும். பைப் காசை மிச்சம் பிடிக்க நடுவில் நிறுத்தினால், முதல் மழையிலேயே சேறு இறங்கி மோட்டார் சிக்கும். பக்கத்துச் செப்டிக் டேங்க் கசிவும் அதே வழியில் வரும். எத்தனை மோட்டார்களை வெளியே எடுக்க முடியாமல் கயிற்றை அறுத்துவிட்டார்கள் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013இல் ரத்து செய்த மாநிலம் இது. அரசுதான் அப்படி என்றால் பத்திரிகையுமா?

நான் கேட்பது கால் பக்கம். துளையிடும் 20 அடி ராடு (கம்பி) மாற்றும்போதெல்லாம் குறித்துவைக்க ஒரு கட்டம் போட்ட படிவம்: ஆழம், தூளின் நிறம், துரு ஏறிய சில்லு வந்ததா (தண்ணீர் ஓடிய தடம் அதுதான்), கேசிங் எத்தனை அடி, எந்த அடியில் எத்தனை இன்ச். அச்சிட்டால் வாசகர்கள் கத்தரித்துக்கொண்டு ரிக் அருகே நிற்பார்கள். இடமில்லை என்றால் அந்தத் தேங்காய்க்காரர் பக்கத்திலேயே ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லடம்.