புளூநோஸ் கப்பல் மாதிரி: ஞாயிறு பலகை ஒட்டுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். அடிக்கட்டையும் குறுக்குச் சட்டங்களும் ஒட்டி முடிந்தன. வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 10 மணிக்கு கிளப் ஹவுஸில் பக்கப் பலகை (சட்டங்களின் மேல் ஒட்டும் மெல்லிய மரப் பட்டைகள்) வேலை தொடக்கம்.

1. குறுக்குச் சட்டங்களின் ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துக் கொண்டு வாருங்கள். அப்படி ஒரு மெல்லிய பலகைப் பட்டையை முன்னிருந்து பின்வரை வளைத்து வைத்தால் எல்லாச் சட்டத்திலும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். அவசரம் வேண்டாம், இங்கே விட்ட மேடு பள்ளம் பெயின்ட் அடித்த பிறகும் தெரியும்.

2. பட்டைகளை வீட்டில் ஊறவைக்காதீர்கள். ஊறவைத்து வளைக்க வெந்நீர் கிளப் ஹவுஸிலேயே தயாராக இருக்கும்.

3. இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றித்தான் ஒட்டுவோம். ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே போனால் கப்பல் முறுக்கிக்கொள்ளும்.

4. ஃபெவிகால், துணி கிளிப்புகள், பழைய துணி அவசியம். கட்டர் பெரியவர்கள் கையில் மட்டும்.

அப்புறம், 1921இல் கனடாவின் லூனன்பர்க்கில் கட்டிய அசல் புளூநோஸ் கப்பல்தான் அந்நாட்டு 10 சென்ட் நாணயத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படம் காட்டுங்கள், ஆசையோடு வருவார்கள்.

வருபவர்கள் பெயரும், உங்கள் மாதிரிப் பெட்டியில் குறையும் பாகங்களும் வெள்ளி இரவுக்குள் இங்கே பதிவிடவும்.