அந்த 25-ஐ ஒரு கணம் பாருங்கள்: கணக்குச் செயலி உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் செயலி உருவாக்கும் நண்பர்களே,

வணக்கம். 52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்கிறது உங்கள் செயலி. பிள்ளை 25 என்று இடுகிறது. திரை சிவக்கிறது, சோகமாய் ஓர் ஒலி, உடனே அடுத்த கணக்கு. அந்த 25-ஐ யாராவது பார்த்தீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

அது கவனக்குறைவால் வந்த விடையன்று. ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. எந்த இடமானாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடு என்று பிள்ளை தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, அதில் பிசகாமல் நடந்திருக்கிறது. அதே பிள்ளையிடம் 68-இலிருந்து 23-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 45 என்று சரியாகவே சொல்லும். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளாகவே வந்தால் பத்துக்குப் பத்து வாங்கி, நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு, தப்பான விதியோடு அடுத்த நிலைக்குப் போய்விடும். கணக்குகளைக் குலுக்கிப் போடுவதில் உள்ள ஆபத்து இது. 403-இலிருந்து 158 என்று ஒன்றைக் கேட்டிருந்தால், 355 என்று விடை வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே, பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை நிரலில் உள்ள பிழைகளைப் போல இனம்பிரித்து அடையாளம் காணும் ஆய்வை வெளியிட்டார்கள். நிரல் எழுதும் உங்களுக்கு இது பிடித்திருக்க வேண்டுமே! உங்கள் நிரல் தவறான விடை தந்தால், சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்களா என்ன?

1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பென்னி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் வருகிறான். தானே படித்து, தேர்வெழுதி, படிப்படியாக முன்னேறும் பாடத்திட்டம். அதில் அவன் நன்றாகப் படிக்கும் பிள்ளை. உட்கார்ந்து பேசிப் பார்த்தால், 0.3-உம் 0.4-உம் சேர்ந்தால் 0.07 என்கிறான். அங்கே திரை கிடையாது, தாள்தான். மற்றபடி உங்கள் செயலிக்கு அது தாத்தா முறை.

இன்னொரு குறை, சின்னதாகத் தோன்றும். தாளில் பிள்ளை ஒன்றின் இடத்தில் தொடங்கி வலமிருந்து இடமாக எழுதும். உங்கள் விடைப்பெட்டியோ இடப்பக்கத்திலிருந்து நிரம்புகிறது. முழு விடையையும் மனத்தில் சுமந்துகொண்டு முதலில் பத்தின் இலக்கத்தைத் தட்ட வேண்டும். கணக்கைச் சரியாகப் போட்டு, இலக்கங்களை மாற்றித் தட்டிய பிள்ளைக்கும் சிவப்புதான். கட்டம் பிரித்து, எதை வேண்டுமானாலும் முதலில் நிரப்ப விடுங்கள். கடன் வாங்கியதைக் குறிக்க மேலே கொஞ்சம் இடமும் வேண்டும். ஓடும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். அவசரப்படுத்தினால் பிள்ளை யோசிக்காது, ஊகிக்கும்.

25 என்று வந்தால், அடுத்து, பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிகளுமாகக் குச்சிகளைத் திரையில் வையுங்கள். 37 குச்சிகளை எடுக்கச் சொல்லுங்கள். ஏழு உதிரிகள் இல்லையே என்று பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும். ஆசிரியருக்கு வரும் அறிக்கையிலும், பத்துக்கு ஆறு என்பதன் கீழே, மற்ற நான்கும் எந்த விதியால் தவறின என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பெண்ணை நாங்களே போட்டுக்கொள்வோம். நோட்டுகளை அடுக்கி வைத்துத் திருத்தும்போது எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுவது அந்த ஒரு வரிதான்.

இப்படிக்கு,
கழித்தல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்