மாம்பழ வாசனை வந்த அந்த வேப்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், சனிக்கிழமைகளில் நம் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மம்மாமாருக்கும் தாத்தாமாருக்கும் வணக்கம்.

போன கிழமை வகுப்புகள் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கட்டடப் பொறுப்பாளர் ஒரு வேப்பை, அதாவது ஆவியை இழுக்கும் மின் சிகரெட்டை, கொண்டுவந்து என் கையில் தந்தார். ஆண் பிள்ளைகளின் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததாம். விரல் நீளம், மஞ்சள் நிறம். பென்சில் பெட்டிக்குள் கிடந்தால் ஹைலைட்டர் பேனா என்றுதான் நினைத்திருப்பேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் வாசனை. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. திரவம் நிரப்பும் மூடியைச் சுற்றி நகத்தால் நெம்பிய கீறல்கள்.

யாருடையது என்று தெரியாது. உள்ளே என்ன இருந்தது என்றும் தெரியாது. பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் அதைப் பையில் போட்டு முறைப்படி ஒப்படைத்துவிட்டார். வெறும் நிக்கோட்டினாகவும் இருக்கலாம். ஆனால் இங்கிலாந்துப் பாடசாலைகளில் பிடிபடும் வேப்களைப் பற்றித் தெரிந்த பிறகு, அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுமையாக வாசியுங்கள்.

பாத் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்தின் 38 பாடசாலைகளில் மாணவர்களிடமிருந்து எடுத்த 596 வேப்களைச் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஆறுக்கு ஒன்றில் ஸ்பைஸ் என்ற செயற்கைக் கஞ்சா இருந்தது. லண்டன் பாடசாலைகளும் அதில் அடக்கம். ஆசிரியர்கள் சந்தேகப்பட்டுப் பறித்தவை இவை. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஸ்பைஸ் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. உண்மையான கஞ்சாச் சத்து இருந்தது மிகச் சில வேப்களில்தான். கஞ்சா எண்ணெய் என்று நம்பி வாங்கும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பைஸ்தான். விற்பவனுக்கு அது மலிவு.

ஸ்பைஸ் என்றதும் நமக்கு மிளகாய்த்தூளும் கறுவாப்பட்டையும்தான் ஞாபகம் வரும். "மகன் போனில் ஸ்பைஸ், ஸ்பைஸ் என்று கதைத்தான் டீச்சர், ஏதோ சாப்பாட்டுக் கதை என்று நினைத்தேன்" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. நமக்குத் தெரிந்த கஞ்சா வேறு. ஊரில் வாசிகசாலைக்குப் பின்னால் நின்று ஒன்றிரண்டு பேர் புகைத்ததைப் பார்த்திருப்போம். ஒரு இலை, ஒரு பூ, அவ்வளவுதான் என்று மனதில் பதிந்திருக்கிறது. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேசப்போனால், நாம் ஒன்றைப் பற்றிப் பேசுவோம், பிள்ளையின் கையில் வேறொன்று இருக்கும்.

ஸ்பைஸ் செடியில் விளைவதில்லை. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர், மூளையை ஆராய்வதற்காக நூற்றுக்கணக்கான இரசாயனங்களைச் செய்தார். அவற்றில் ஒன்றுக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஜே.டபிள்யூ.எச்-018 என்று பெயர். ஆய்வுகூடத்தோடு நிற்க வேண்டிய அந்த இரசாயனம், 2008-இன் கடைசியில் ஜெர்மனியில், நறுமணப் புகை போடும் மூலிகை என்று சொல்லி ஸ்பைஸ் என்ற பெயரில் விற்ற பொட்டலங்களுக்குள் இருந்தது தெரியவந்தது. அதைத் தடை செய்தார்கள். உடனே மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி இன்னொன்று வந்தது. அதையும் தடை செய்ய, அடுத்தது. இன்றைக்கு ஸ்பைஸ் என்பது ஒரு பொருளின் பெயரே இல்லை, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டத்தின் பெயர். போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்குவதும் ஒன்றா என்று விற்பவனுக்கே தெரியாது.

இது ஏன் இவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். நம் மூளையில் சிபி1 என்று சொல்லப்படும் ஏற்பிகள் உண்டு. பசி, நித்திரை, ஞாபகம், பயம் எல்லாவற்றையும் சமநிலையில் வைக்க உடம்பே சுரக்கும் ஒரு பொருள் அவற்றில் போய் ஒட்டும். 1992-இல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம்முடைய ஆனந்தம்தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற சத்தும் அதே ஏற்பிக்குத்தான் போகிறது. ஆனால் அது குழாயைப் பாதி திறப்பதுபோல. ஸ்பைஸ் இரசாயனங்கள் அந்தக் குழாயை முழுதாகத் திறந்துவிடும். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 33 பேர் நின்ற இடத்திலேயே சிலைபோல் உறைந்து, வெறித்த பார்வையோடு முனகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் புகைத்ததில் இருந்த இரசாயனம் டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியம் உள்ளது.

நெஞ்சு படபடவென்று அடிப்பது, வாந்தி, வலிப்பு, நினைவு தப்புவது, இல்லாததைப் பார்த்து அலறுவது என்று எதுவும் வரலாம். சிறுநீரகம் பழுதான ஆட்களும் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. கலப்படமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சாவில் எலி மருந்து கலந்திருந்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இரத்தம் உறையாமல் வைத்தியசாலைக்கு ஓடினார்கள்.

அதோடு, வேப்பில் போட்ட ஸ்பைஸில் நமக்குத் தெரிந்த கஞ்சா மணம் வராது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலும் பெரும்பாலும் தெரியாது. "நான் மணந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, ஸ்பைஸ் வேண்டாம், உண்மையான கஞ்சா பரவாயில்லையா? மேல்வகுப்புப் பிள்ளைகள் என்னிடமே நேராகக் கேட்ட கேள்வி இது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தெருவில் கிடைக்கும் கஞ்சாவும் மாறிவிட்டது. இங்கிலாந்தில் 2016-இல் பொலிஸ் பிடித்த கஞ்சாவை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தபோது, 94 சதவீதம் ஸ்கங்க் என்று சொல்கிற வீரியமான வகை. 2005-இல் அது 51 சதவீதம். பழைய கஞ்சாப் பிசினில் டி.எச்.சி.யோடு, அதன் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும் சி.பி.டி. என்ற சத்தும் இருந்தது. ஸ்கங்கில் அது இல்லையென்றே சொல்லலாம். எண்ணெயாகவும் மெழுகாகவும் வடித்தெடுப்பவற்றில் டி.எச்.சி. 60, 70 சதவீதத்தையும் தாண்டும்.

அடுத்த கேள்வி, "டொராண்டோவில் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே விற்கிறார்கள், சட்டப்படி!" உண்மைதான், 2018 அக்டோபரில் கனடா அனுமதித்தது. ஆனால் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க முடியாது. உண்ணும் பண்டமென்றால் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக் கூடாது. அதே ஒன்டாரியோவில் 11,000-க்கும் மேற்பட்ட இளையோரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது. பதின்ம வயதில் கஞ்சா எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, இல்லாததைக் கேட்கவும் நம்பவும் வைக்கும் சைக்கோசிஸ் என்ற மனநோய் வரும் வாய்ப்பு 11 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. சித்தப்பாவின் பக்கத்துக் கடைக்குப் பிள்ளையின் மூளையைப் பற்றித் தெரியாது. மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனி வீட்டில் நீங்கள் காணக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பழைய மாணவன் ஒருவனின் தாய், மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அவன் காலையில் வாந்தி எடுப்பான். பிறகு குளியலறைக்குள் போய்க் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் நிற்பான். கதவைத் தட்டினால், "இன்னும் அஞ்சு நிமிஷம் அம்மா" என்பான். முதுகும் வயிறும் சிவந்து கன்றிப்போயிருக்கும். தாய் வாய்வு என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்தார், இஞ்சி அவித்துக் கொடுத்தார். எரிவாயுக் கட்டணம் ஏறியது, பிள்ளை பதினொரு கிலோ மெலிந்தான். இரண்டு தரம் ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர், தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டார்: "சுடுதண்ணீரில் நின்றால் சுகமாக இருக்கிறதா?" நாள் தவறாமல் வீரியமான கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் வாந்தி நோய் அது. 2004-இல்தான் அவுஸ்திரேலிய மருத்துவர்கள் அதை முதலில் விவரித்து எழுதினார்கள். கஞ்சாவை முற்றாக நிறுத்தினால் மாறும். அவன் நிறுத்தினான், மாறியது. இப்போது வேலைக்குப் போகிறான்.

முன்னே சொன்ன அந்த மனநோயின் ஆரம்பத்தையும் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். திரைச்சீலையை மூடிக்கொண்டு அறைக்குள்ளேயே இருப்பது, வகுப்பில் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று சொல்வது, இரவில் தனியே முணுமுணுப்பது. கண்ணூறு, செய்வினை, ஏழரைச் சனி என்று பார்க்கப் போகிறோம். கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறவள்தான். ஆனால் அதே நாளில் ஜி.பி. என்ற குடும்ப மருத்துவருக்கும் போன் எடுங்கள். முதல் தடவையாக இந்த மனநோய்க் குறி தெரிந்தால் இரண்டு கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவை வைத்திருக்கும் நியதி 14 வயதுப் பிள்ளைக்கும் உண்டு. கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-இல் சொன்னது இது: வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவரைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. லண்டனில் அந்த வகைக் கஞ்சா இல்லாதிருந்தால், புதிதாக நோய் வந்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு வந்திருக்காது.

ஜி.பி.யிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை. தயவுசெய்து தங்கச்சியையோ அக்காவையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். தமையன் கஞ்சா அடித்த கதையைப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசியுங்கள்.

பிள்ளை மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் உடனே அவசர இலக்கமான 999-க்கு அழையுங்கள். "கொஞ்சம் படுத்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று தனியே விடாதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தாலும் மூச்சு அடைக்காது. வேப்போ இனிப்புப் பொதியோ கிடந்தால் எடுத்து வைத்து அம்புலன்ஸில் வருபவர்களிடம் கொடுங்கள், தெரிந்த எல்லாவற்றையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார்கள், சனம் என்ன சொல்லும் என்று நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

இனிப்புப் பொதி என்றேன். கம்மி இனிப்புகளில் டி.எச்.சி.யோ ஸ்பைஸோ சேர்த்துப் போன் வழியாக விற்கிறார்கள். பெட்டி, கடையில் வாங்கும் இனிப்புப் பெட்டி மாதிரியே இருக்கும். சாப்பிட்டால் வேலை செய்ய அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலம்வரை ஆகும். அதனால் ஒன்றுமில்லையே என்று இன்னும் இரண்டைப் போட்டுவிடுவார்கள். 2022-இல் கிழக்கு லண்டனில், நம்முடைய சனம் நிறைய இருக்கும் பகுதியில், அப்படி வாங்கிய இனிப்பைச் சாப்பிட்ட ஓர் இளம்பெண் இறந்துபோனார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம், அண்ணாவின் பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுவிடும்.

கஞ்சாவும் ஸ்பைஸும் சட்டத்தில் பி வகுப்புப் போதைப்பொருள்கள். காசு வாங்காமல் நண்பனுக்குக் கொடுத்தாலும் அது விநியோகம்தான். பிள்ளைகளுக்கு இது தெரியாது, "நான் விற்கவில்லையே" என்பார்கள். சொல்லி வையுங்கள்.

எப்படிப் பேசுவது? பக்கத்தில் உட்கார்ந்து, டிவியை நிறுத்திவிட்டு, "உன்ர பள்ளிக்கூடத்தில வேப் புழங்குதாம், நீ பார்த்தனியா?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு முடிக்கும்வரை வேறொன்றும் சொல்லாதீர்கள். அடிப்பதும் "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்பதும் பலன் தந்ததை இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு வீட்டிலும் காணவில்லை. அடுத்த தடவை பிள்ளை இன்னும் நன்றாக ஒளிப்பான், அவ்வளவுதான். "எந்த நேரம், எங்கே நின்றாலும், என்ன செய்திருந்தாலும் எனக்குப் போன் எடு, நான் வந்து கூட்டிப்போவேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். சொன்னபடி நடவுங்கள்.

ஃபிராங்க் என்ற உதவிச் சேவைக்கு 0300 123 6600 என்ற இலக்கத்தில் பெற்றோரும் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.

எங்களிடம் ஒரு பிள்ளை தானாக வந்து சொன்னால், பாதுகாப்புக்காகச் சொல்லியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வோம். வேறு எவர் காதுக்கும் போகாது, ஆண்டு விழா மேடைக்கும் வாட்ஸப் குழுவுக்கும் போகாது. அதற்காகத் தமிழ்ப் பள்ளியை விட்டு எந்தப் பிள்ளையையும் நிறுத்தமாட்டோம்.

வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு, வகுப்புகள் நடக்கும் நேரத்திலேயே, பெரிய மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். மருந்தாளராக வேலை செய்யும் நம் பெற்றோர் ஒருவர் தமிழில் விளக்கம் சொல்ல வருகிறார். கேள்விகளைத் துண்டில் பெயர் இல்லாமல் எழுதி, வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போடலாம். போன முறை கூட்டத்துக்கு வந்தவர்களில் அப்பாமார் நான்கே பேர். இந்த முறை காருக்குள் இருந்து போன் பார்க்காமல் உள்ளே வாருங்கள், தேநீர் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்