அடைக்கோழிகளைத் தெருநாய்ங்ககிட்ட இருந்து காப்பாத்தித் தரச்சொல்லி மறுபடியும் ஒரு மனு

பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்

அனுப்புநர்: வாய்க்கால்மேட்டுத் தோட்டத்துச் சாளைகள்ல (தோட்டத்து வீடுகள்ல) சிறுவிடைங்கற நாட்டுக்கோழி வளக்குற பொம்பளைங்க எல்லாரும்

பொருள்: வாய்க்கால் கரைப் பள்ளத்துல கறிக்கடைக் கழிவு கொட்டுறத நிறுத்தி, நாய்ங்களுக்கு கருத்தடை பண்ணி வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, செத்த கோழிகளுக்கு இழப்பீடு தரக் கேட்பது சம்பந்தமா.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கமுங்க.

இதே விஷயமா முன்னாடியே மனு கொடுத்திருக்கோமுங்க. கிராமசபையிலயும் எந்திரிச்சு சொன்னோம், ஆன்லைன்லயும் போட்டோம், உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதுன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு, அதுக்கப்பறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலீங்க. ஐயாவுக்கு இடம் தெரியாம இல்ல. வாய்க்கால் பாலம் தாண்டி, வேலாமரத்துக்குக் கீழ இருக்கற பள்ளந்தானுங்க. போன கோடையில தூர்வாருறப்ப ஐயாவே ஜீப்புல வந்து நின்னு பாத்துட்டுப் போனீங்க.

1. டவுன்ல இருக்கற கறிக்கடைக்காரங்க ராத்திரி மூட்டை மூட்டையா றெக்கை, குடல், கால் எல்லாத்தையும் அங்க கொண்டாந்து கொட்டுறாங்க. அதத் தின்னு பழகுன நாய்ங்க கூட்டமா சேந்துபோச்சு. கழிவு வராத அன்னைக்கு நேரா எங்க சாளைக்குத்தான் வருதுங்க.

2. கீரி, மரநாய், பாம்பு, பருந்து எல்லாம் எங்களுக்குப் புதுசில்லீங்க. எங்க மாமியா காலத்துல இருந்து அதுகளோடதான் கோழி வளக்கறோம். பருந்துக்கு குஞ்சுகளப் பஞ்சாரக் கூடையில கவுத்து வெப்போம், மேல பழைய மீன்வலை கட்டுவோம். கீரி மண்ணத் தோண்டி வரும்னு கூட்டச் சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு கல்லு பதிச்சிருக்கோம். கினிக்கோழியும் வளக்கறோம், அது அன்னிய உருப்படி எதப் பாத்தாலும் ஊரக் கூட்டிரும். கீரி வந்தா ஒண்ணோட போகும். நாய்க்கூட்டம் அப்படி இல்ல, திங்கறதுக்கா கொல்லுது? ஓடுறத எல்லாம் கடிச்சு உதறிப் போட்டுட்டுப் போயிருது. விடிஞ்சு பாத்தா வாசப்பூரா றெக்கையும் ரத்தமுமா கெடக்குது.

3. இதுதான் ஐயா முக்கியமான விஷயம், தயவுபண்ணி இத முழுசாப் படிங்க. சிறுவிடைக்கோழி ராத்திரியானா மரத்துல ஏறி அடையும். நாய் வந்தாலும் பறந்து தப்பிச்சுக்கும். ஆனா அடையில உக்காந்த கோழி எந்திரிக்காதுங்க. 21 நாள் முட்டை மேலயே இருக்கும், ஒருநாளைக்கு ஒருக்கா எறங்கி ரெண்டு கொத்து தின்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு திரும்ப ஓடியாந்து உக்காந்துக்கும். நாய் மூஞ்சிக்கு நேரா வந்தாலும் றெக்கைய விரிச்சு சீறுமே தவிர முட்டைய விட்டுட்டுப் போகாது. அது அங்கயே சாவுது ஐயா. முட்டைய விட்டுட்டு ஓடுற கோழி பொழச்சுக்குது, விடாம உக்கார்ற நல்ல தாயாப் பாத்து சாவுது. இப்படியே போனா அடையில ஒழுங்கா உக்கார்ற வம்சமே எங்க ஊர்ல இருக்காது.

அந்தக் கோழி ஒண்ணு போனா ஒண்ணுன்னு கணக்குப் போடாதீங்க. அடியில பத்துப் பன்னெண்டு முட்டை இருக்கும், அதும் போச்சு. குஞ்சோட இருந்த தாய் போனா குஞ்சுகளும் நிக்காது, தாயில்லாக் குஞ்சுக்கு பருந்து வர்றத யாரு சொல்றது? தாய் ஒரு சத்தம் கொடுத்தாத்தான் அத்தனையும் ஓடி வேலிக்குள்ள பூரும். எத வேணாலும் கடையில வாங்கிக்கலாம், இந்தப் புத்திய எங்க போயி வாங்கறது.

4. அடைச்சு வெச்சு வளங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. ஏனுங்க, இது நாமக்கல் முட்டைக்கோழியா கூண்டுல போட்டு வளக்க? அது வருசத்துக்கு 300 முட்டை வெக்கும், தீவனத்துக்குக் கட்டும். எங்க கோழி 60, 80 முட்டை வெச்சாலே அதிகம், எடையும் ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோதான். மேஞ்சு கரையானும் வெட்டுக்கிளியும் களத்துல சிந்துன தானியமும் தின்னாத்தான் வளக்கறவங்களுக்கு மிஞ்சும். அடைச்சா ஒண்ண ஒண்ணு கொத்திக்கிட்டே சாகும். அடைக்கோழிய மட்டும் தனியா வெக்க கம்பிவலைக் கூடு போட்டோம். கடையில விக்கற மெல்லிசு கோழிவலைய நாய் பல்லால இழுத்துக் கிழிச்சுப் போட்டுருது, வெல்டிங் வலை வாங்கற அளவுக்கு எங்ககிட்ட காசில்ல. அரசாங்கமே மானியத்துல நாட்டுக்கோழிப் பண்ணை வையுங்க, பொம்பளைங்க சொந்தக்கால்ல நில்லுங்கன்னு சொல்லுது, சந்தோசமுங்க, வளத்தத யாரு காப்பாத்திக் கொடுப்பாங்க?

5. நாயக் கொல்லச் சொல்லிக் கேக்கலீங்க. விஷம் வெக்கறது, கரண்டு வேலி போடறது எதுக்கும் நாங்க போகல, எங்க குழந்தைங்களும் அதே தடத்துலதான் நடக்கறாங்க. 2023 ல வந்த விதிப்படி தெருநாய்க்கு கருத்தடை பண்ணி வெறிநாய்த் தடுப்பூசி போட்டு பிடிச்ச எடத்துலயே விடவேண்டியது உள்ளாட்சியோட பொறுப்புன்னு இருக்குதுங்களே. நம்ம பக்கத்துக்கு அந்த வண்டி எப்ப வரும்னு ஒரு தேதி சொன்னாக்கூடப் போதும். கறிக்கழிவு பள்ளத்துல விழுகற வரைக்கும் கருத்தடை மட்டும் பண்ணியும் பிரயோஜனமில்ல, அதையும் சேத்துச் சொல்லிப்போட்டோம். குப்பை கொட்டாதீர்னு நட்ட போர்டுக்குக் கீழயே மூட்டை கெடக்குது ஐயா, வந்து பாருங்க.

6. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் ஆட்டுக்காரங்க செத்த ஆட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தப்பறந்தான் இழப்பீடுங்கற பேச்சே வந்துச்சு. நாங்களும் செத்த கோழிய எடுத்துக்கிட்டு ரோட்டுல உக்காந்தாத்தான் கேப்பீங்களா? கேட்டா போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட் கொண்டாங்கறாங்க. பாதிக்கோழிய நாய் தூக்கிட்டுப் போயிருது, மீதி கெடக்கறது றெக்கை, எத வெச்சு போஸ்ட்மார்ட்டம் பண்றது? பேரிடர் நிவாரணத்துல கோழி ஒண்ணுக்கு 100 ரூபாய்னு ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க, அந்தக் காசுக்கு சந்தையில பாதிக் கிலோ நாட்டுக்கோழிகூடக் கெடைக்காது. அடைக்கோழிக்கும் அதே வெல போடறது ஞாயமில்லீங்க.

7. பள்ளத்த மூடுங்க. நாலு மூட்டை கொட்டுற கடைக்கு அபராதம் போடுங்க. இதுக்கு மேல எப்படி எழுதறதுன்னு தெரியலீங்க ஐயா.

கோவத்துல ஏதாவது ஒருவார்த்தை கூடக்கொறைய எழுதியிருந்தா மன்னிச்சுக்கணும். எங்கள்ல பாதிப்பேரு புருசன் இல்லாதவங்க, முட்டைக் காசுலதான் கேஸும் பள்ளிக்கூட நோட்டும் வாங்கறோம். ஆடி மாசத்துக்குள்ள பள்ளத்துல கொட்டுறத நிறுத்திக் கொடுங்க, நாய்க்கு கருத்தடை பண்ணி ஊசி போட ஆள் அனுப்புங்க, அடைக்கூட்டுக்கு வெல்டிங் வலை மானியத்துல கெடைக்க கால்நடைத்துறைக்கு ஐயா ஒரு லெட்டர் எழுதுங்க. இந்த மனுவையும் மேல அனுப்பியாச்சுன்னு மெசேஜ் போட்டு முடிச்சுராதீங்க. விடியக்காலம் ஆறு மணிக்கு ஒருநாள் நேர்ல வாங்க, எந்தச் சாளைக்கு வந்தாலும் சரி, நாங்க கூட வந்து காட்டுறோம்.

இப்படிக்கு,
வாய்க்கால்மேட்டுப் பெண்கள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கத்தில்)