பேண்ட் அளவு 32

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள இசக்கிக்கு,

அம்மாவும் நானும் நலம். போன வாரம் போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "எட்டு மாசம் ஜிம்முக்குப் போனேன்பா, தொப்பை போன பாடில்ல. பணம்தான் போச்சு. விட்டுட்டேன்" என்றாய். போனிலேயே பதில் சொல்லியிருந்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சினன் கல்யாணத்தில் கோட் போட்டால் வயிறு தெரியக் கூடாது என்றுதானே ஜிம்மில் சேர்ந்தாய்? கல்யாணம் முடிந்தது, ஆல்பமும் வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டியும் முடித்துவிட்டாள். இனி எதற்கு என்று உனக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

என் கதையைக் கேள். பத்தொன்பது வருடம் நெல்லை–பாபநாசம் தடத்தில் கண்டக்டராக ஓடினேன். வண்டியில் கூட்டம் என்றால் முன்படியிலிருந்து பின்படிக்கு, பின்படியிலிருந்து முன்படிக்கு. ஒரு கையில் டிக்கெட் கட்டு, தோளில் பை. சீட்டுக் கம்பியில் இடுப்பை முட்டுக் கொடுத்துத்தான் சில்லறை எண்ண வேண்டும். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் இன்வாய்ஸில் டிக்கெட் கணக்கு எழுதியாக வேண்டும். சேரன்மகாதேவியில் இறங்கி ஏறி, வீரவநல்லூரில் இறங்கி ஏறி, பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது குதித்து இறங்கி விசில் ஊதி... ராத்திரி வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். அம்மா வெந்நீர் வைத்துத் தருவாள். இந்தப் பிழைப்பை நான் திட்டாத நாள் கிடையாது.

அப்புறம் யார் யாரையோ பிடித்து, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நாற்காலி வாங்கினேன். மேஜை, மின்விசிறி, மணிக்கொரு டீ. மூன்று வருடத்தில் கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9.8 சதவீதம். நான் நம்பவில்லை, வேறு லேபுக்குப் போனேன். அங்கேயும் அதேதான். ஏன் நம்பவில்லை தெரியுமா? கண்டக்டராக இருந்தபோதும் என் பேண்ட் அளவு 32, அன்றைக்கும் 32. பார்ப்பவர்கள் எல்லாம் "உங்களுக்கென்ன, சிக்குன்னு இருக்கீங்க" என்பார்கள். நானும் அதில் மயங்கித்தான் இருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கண்டக்டர் என்றதும் சிரித்துவிட்டு, லண்டன் பஸ் கதையைச் சொன்னார். ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். அந்த ஊர் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 600 படி ஏறுவார். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி ஆட்கள். ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு. வந்தவர்களிலும் உடனே செத்துப்போனவர்கள் டிரைவர்களைவிடக் குறைவு. 1953-ல் இதை வெளியிட்டாராம். டிரைவருக்கு டென்ஷன் ஜாஸ்தி, அதனால்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, நடந்து தபால் கொடுப்பவர்களையும் உட்கார்ந்து எழுதும் தபால் குமாஸ்தாக்களையும் சேர்த்தே பார்த்திருக்கிறார். அங்கேயும் அதே கதை.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. அந்த மனுஷர் கம்பெனி கொடுத்த யூனிபார்ம் அளவுகளை வாங்கி, இடுப்புச் சுற்றளவைக் கணக்குப் பார்த்திருக்கிறார். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிது; அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒல்லி கண்டக்டரை ஒல்லி டிரைவரோடும், தொந்தி கண்டக்டரைத் தொந்தி டிரைவரோடும் வைத்துப் பார்த்தபோதும், கண்டக்டர் பக்கம்தான் திடீர் மாரடைப்புச் சாவு குறைவு. தொந்தி இருந்தும் படியேறினவனுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. இசக்கி, எட்டு மாதத்தில் பணம்தான் போச்சு என்றாயே, அந்த எட்டு மாதம் இந்தப் பலனில்தான் போயிருக்கிறது. மாரிஸ் 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

என்னோடு பதினோரு வருடம் வண்டி ஓட்டிய அண்ணாச்சி 52 வயதில் ஸ்டேரிங்கை விட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அவருக்குப் பீடிப் பழக்கமும் உண்டு. ஆனாலும் லண்டன் கதையைக் கேட்டபோது அவர் முகம்தான் வந்து நின்றது.

ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். 71 வயதில் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு போய், பதினான்கு மாதம் கட்டிலில். வழுக்கினால் சமாளித்து நிற்கக் காலில் சதை வேண்டும். அது ஆச்சிக்கு எப்போதோ கரைந்துவிட்டது. ராத்திரியில் இரண்டு தடவை அம்மா ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைப்பாள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். இப்போது அம்மா தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். அந்த இடுப்பு வலி அந்தப் பதினான்கு மாதத்தில் வந்தது. ஆச்சியின் அக்கா, பெரிய ஆச்சி, 84 வயதில் இன்னும் படித்துறையில் குளித்துவிட்டு ஈரத்துணி வாளியோடு படியேறி வருகிறாள். நான் போய் வாளியை வாங்கினால் கோபம் வருகிறது.

இப்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஆற்றுப்பாலம் வரை நாற்பது நிமிடம், ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் கால் மணி நேரம். வாரத்தில் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்துப் பத்தாக. முதல் வாரம் ஐந்திலேயே தொடை நடுங்கியது. மாத்திரையை விடவில்லை. போன மாதம் அதே மூன்று மாதச் சர்க்கரை 7.1. பேண்ட் அளவு இன்னும் 32தான்.

நீ ஜிம்முக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் பளுப் பயிற்சி. இதை விடாதே. கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பதை வேண்டுமானால் விடு. மாதம் ஒரு முறை டேப்பை வைத்து இடுப்பை அள. நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்கிறார்கள். அப்பனுக்குச் சர்க்கரை இருக்கிறது, உனக்கு 34 ஆகிறது. வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடு.

போன தடவை அகஸ்தியர் அருவியிலிருந்து கல்யாண தீர்த்தத்துக்குப் படியேறினோமே, பாதியில் மூச்சு வாங்கி பாப்பாவை என் கையில் கொடுத்தாய். நான் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன் என்பது நிஜம். ராத்திரி படுத்தபோது அது அவ்வளவு பெருமையாக இல்லை.

பொங்கலுக்கு வரும்போது டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வா. பரணில் கிடந்த உன் சைக்கிளை இறக்கி டயர், டியூப் மாற்றி வைத்திருக்கிறேன். செயின் கவர்தான் எங்கேயும் கிடைக்கவில்லை. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். எனக்காக உப்பைக் குறைத்துவிட்டாள், ருசியே இல்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா