கதவைத் திறக்கத் தயங்குபவரையும் கேள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கேள்விப் படிவத்தைப் பொறுமையாகப் படித்தேன். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் பூனைகள் என்ன சாப்பிடுகின்றன, எவ்வளவு எடை இருக்கின்றன, ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறார்களா என்று பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உன் கால்நடை மருத்துவப் படிப்புக்கான ஆய்வை எழுதப் போகிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் அடுக்குமாடிக் கட்டடமான புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் பகிர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். இப்போது இருக்கிற நிலையில் அதைப் பகிர எனக்கு மனம் வரவில்லை. அதற்கான காரணங்களைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதைவிட எழுதி அனுப்பினால், நீ உட்கார்ந்து யோசிக்கலாம்.

நீ கேட்கப்போகிறவர்களில் பலர் பூனையை ஒளித்து வளர்த்துப் பழகியவர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்துதான் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானது. மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெறுவதற்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசமும் தரப்பட்டது. வாசலில் யாராவது அழைத்தால் பூனையைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே வெளிக்கதவைத் திறந்தவர்கள், விதி மாறிய மறுநாளே மனம் மாறிவிடமாட்டார்கள். உன் படிவமோ தொடக்கத்திலேயே உரிமம் இருக்கிறதா என்று கேட்கிறது; அடுத்த கேள்வியில் மொத்தம் எத்தனை பூனைகள் என்று கேட்கிறது. நான்கு பூனைகள் வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே படிவத்தை மூடிவிடுவார். உரிமம் பற்றிய கேள்வி உன் ஆய்வுக்குத் தேவையே இல்லை, எடுத்துவிடு. எண்ணிக்கை தேவைதான், அதைக் கடைசியில், உன்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகு கேள்.

அஞ்சல் குறியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கேட்கவில்லை, ஆகவே யாரையும் அடையாளம் காண முடியாது என்று முகப்பில் எழுதியிருக்கிறாய். ஆனால் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கிறாய். 1995இல் இந்தக் குறியீடு வந்ததிலிருந்து பெரும்பாலும் ஒவ்வொரு புளோக்கிற்கும் தனி எண் இருக்கிறது என்பது இங்கே வளர்ந்த உனக்குத் தெரியாததல்ல. புளோக்கும் தெரிந்து, பூனையின் இனமும் நிறமும் தெரிந்தால், வீட்டைக் கண்டுபிடிக்க அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு நிமிடம் ஆகாது. வட்டாரத்தைக் காட்டும் முதல் இரண்டு இலக்கங்கள் உனக்குப் போதும். நம்பிச் சொன்னவருக்கு உன்னால் ஒரு தொல்லை வரக்கூடாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தாலும், இந்தப் பொறுப்பு உன்னுடையதாகவே இருக்கும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பதில் சொல்லாமல் போகிறவர்களால் ஆய்வின் முடிவே மாறிவிடும் என்பதுதான். நீ படித்திருக்கக்கூடிய ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் இரண்டு கால்நடை மருத்துவர்கள் எழுதியது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. ஏழு மாடி வரை உயரம் கூடக் கூடக் காயமும் கூடியது; அதற்கும் மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாக இருந்தது. விழும் வேகம் ஓர் எல்லைக்கு மேல் கூடாததால் பூனை உடலைத் தளர்த்திக்கொள்கிறது என்று அதற்கு விளக்கமும் தந்தார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தரையில் விழுந்ததுமே இறந்துபோன பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? அவை அந்தக் கணக்கில் வரவே இல்லை என்ற மறுப்பு அன்றிலிருந்து இன்றுவரை எழுப்பப்படுகிறது. பன்னிரண்டாம் மாடியில் இருந்துகொண்டு ‘உயரத்தில் இருந்தால் ஆபத்து குறைவு’ என்று ஒருவர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் வலையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். நீ கேட்பதும் ஜன்னலைப் பற்றித்தான். பூனை விழுந்து இறந்த வீட்டுக்காரர் ‘பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும்’ என்று தலைப்பிட்ட படிவத்தைத் திறக்கவே மாட்டார். முன்பு வளர்த்தவர்களும் பதில் தரலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள். அந்தக் கேள்வியை மென்மையாக எழுது.

கேட்கிற விதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியாக இருந்தபோது, ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ‘போன வாரம் எத்தனை நாள் மருந்து விட்டுப்போனது’ என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிச் சரியாகச் சொல்வார்கள். மறப்பது இயல்பு என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்வதால் அவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும். ‘பூனைக்குப் போதிய கவனம் தருகிறீர்களா’ என்ற உன் கேள்விக்கு இல்லை என்று எழுதுகிற மனிதர் ஒருவரும் கிடைக்கமாட்டார். ‘நேற்று பூனையோடு விளையாடினீர்களா, ஏறத்தாழ எவ்வளவு நேரம்’ என்று கேள்.

உணவின் அளவை ‘எத்தனை கப்’ என்று கேட்டிருப்பதும் உதவாது. ஒருவர் வீட்டில் கப் என்பது மைலோ குடிக்கும் பெரிய குவளை, இன்னொருவர் வீட்டில் உணவுப் பையோடு வந்த சின்னக் கரண்டி. அடுக்களைத் தராசு இருப்பவர்கள் கிராமில் எழுதட்டும். மற்றவர்கள் பையின் எடையையும் அது எத்தனை நாளில் தீர்கிறது என்பதையும் எழுதினால் நீயே கணக்கிடலாம். எடையையும் கண்மதிப்பாகக் கேட்காதே. தன் பூனை குண்டாக இருப்பது வளர்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் எழுதச் சொல். கழிப்பதை நீ பார்த்துக்கொள்.

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள், ஆங்கிலத்தில் பழகியவர்கள். நம் கீழ்வீட்டு மலாய் அம்மா, நாம் மக்சிக் என்று அழைப்பவர், எத்தனையோ காலமாகப் பூனைகளோடு வாழ்கிறார். கைபேசியில் படிவம் நிரப்ப மாட்டார், ஆனால் உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொன்றின் பழக்கத்தையும் சொல்வார். எனவே மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் படிவம் வேண்டும். தமிழை நான் எழுதித் தருகிறேன், மலாய்க்கு மக்சிக்கின் மகளைக் கேட்டுப் பார்க்கிறேன். நேரில் கேட்டு எழுதிய பதில்களுக்குத் தனிக் குறி போட்டு வை, ஏனெனில் முகம் பார்த்துச் சொல்லும் பதிலும் தனியாக நிரப்பும் பதிலும் ஒன்றாக இருக்காது. ஆய்வு முடிந்ததும் முடிவை ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி எனக்கு அனுப்பு. பதில் சொன்னவர்களுக்கெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

திருத்திய படிவம் வந்ததும் முதலில் மக்சிக்கிடமும் எதிர்வீட்டுத் தம்பதியிடமும் கேட்டுப் பார்த்து, எந்தக் கேள்வியில் அவர்கள் திணறுகிறார்கள் என்று எழுதுகிறேன். அதற்குப் பிறகு குழுவில் போடலாம். தேர்வு வருகிறது என்றாயே, அவசரப்படாதே. அடுத்த மாதம் அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
அம்மா